ஒரு பொருள் குறித்த பல சொற்கள்: ஆங்கிலப் பெயரடைகள் பொருள் பிரிந்த வரலாறு

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்க்கு இலக்கண விதிகளைக் காட்டிலும் மிகுந்த இடர் தருவன ஒன்றுபோலத் தோன்றும் பெயரடைகளே ஆகும். வினைச்சொல்லின் காலம் பிழைபட்டால் அதற்கு ஒரு விதி காட்டலாம்; ஒருமை பன்மை மயங்கினால் அதற்கும் ஒரு விதி காட்டலாம். ஆனால், 'ஹிஸ்டாரிக்' என்று எழுத வேண்டிய இடத்தில் மாணவன் 'ஹிஸ்டாரிக்கல்' என்று எழுதிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சிவப்பு மையால் ஒன்றை அடித்து, மற்றொன்றை அதன்மேல் எழுதுகிறோம். 'ஏன் ஐயா?' என்று அவன் கேட்டால், 'அங்கே அப்படித்தான் வரும்' என்பதே பெரும்பாலும் நம் விடை. அவன் தன் கையகராதியைப் புரட்டினாலோ, இரண்டு சொல்லுக்கும் 'வரலாற்று' என்ற ஒரே பொருள் எழுதியிருப்பதைக் காண்பதும் உண்டு.

இந்த விடை போதாது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்குக் காது ஓரளவு துணை செய்யும். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கோ ஆசிரியர் வாயினின்று வருவதே ஆங்கிலம். அவர் சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. ஆதலால், இவ்விரட்டைச் சொற்களின் வேற்றுமை எங்கிருந்து வந்தது, யாரால் வந்தது, எல்லா வேற்றுமைகளும் ஒரே அளவு உறுதியுடையனவா என்பவற்றை ஆசிரியராகிய நாம் அறிந்திருத்தல் கடமையாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் காட்டும் வழி

தமிழாசிரியர்க்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்கும் இடத்தில் வருவன. தொல்காப்பியர் எச்சவியலில் இம்மூன்றையும் எடுத்துக்கொண்டு, 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று என்றும், 'தா' என்பது ஒப்போன் கூற்று என்றும், 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என்றும் வரையறுத்தார். மூன்று சொல்லும் சுட்டும் செயல் ஒன்றே. சொல்லுவோன் நிற்கும் நிலையால் சொல் வேறுபடுகிறது. இத்துணை நுட்பமாகச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே கோடு கிழித்த இலக்கணம் நம்முடையது.

ஆனால், அக்கோடு இன்று எங்கே இருக்கிறது? தாவும் கொடுவும் இன்று யாரும் யாரிடமும் வழங்கும் சொற்களாகிவிட்டன. 'ஈ' என்னும் ஏவல் பேச்சு வழக்கினின்றே மறைந்து, 'ஈகை' என்னும் பெயரில் மட்டும் வாழ்கிறது. எனவே, இதனால் நாம் பெறும் பாடம் இரண்டு. ஒரு பொருள் குறித்த சொற்களுக்கிடையே வேற்றுமையைப் படைப்பது வழக்கு. அதனை அழிப்பதும் வழக்கே. ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை நோக்கும்போதும் இந்த இரண்டு உண்மைகளையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

மூன்று வாயில்கள்

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரண்டும் மூன்றுமாகப் பெயரடைகள் பெருகியதற்கு முதற் காரணம் அம்மொழிக்குள் சொற்கள் மூன்று வாயில்கள் வழியாக நுழைந்தமையே. கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் வந்து குடியேறிய ஆங்கிலர், சாக்சனியர் முதலிய கூட்டத்தாரின் மொழி முதல் வாயில். 1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசுகட்டில் ஏறினான். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழியே மேலோங்கி நின்றது. அஃது இரண்டாம் வாயில். வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362இல் சட்டம் இயற்றப்பட்டபோது, அச்சட்டமும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டது என்றால், அம்மொழியின் செல்வாக்கை வேறு சொல்ல வேண்டுவதில்லை. மூன்றாம் வாயில் இலத்தீன். திருச்சபையிலும் பல்கலைக்கழகத்திலும் ஆண்ட அம்மொழியிலிருந்து அறிஞர்கள், சிறப்பாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில், ஆயிரக்கணக்கான சொற்களை நேரே எடுத்து ஆண்டனர்.

அரசனைச் சார்ந்தது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் மூன்று பெயரடைகள் உள்ளன. 'கிங்' என்னும் பழஞ்சொல்லின்மேல் அமைந்தது 'கிங்லி'. பிரெஞ்சு வழி வந்தது 'ராயல்'. இலத்தீனை ஒட்டியது 'ரீகல்'. மூன்றும் ஒரு பொருளனவே எனினும், காலப்போக்கில் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. அரசுக்கு உரிமையானது, அரச ஆணையால் அமைந்தது 'ராயல்'. குடும்பம், கடற்படை, அஞ்சல் ஆகியவற்றின்முன் இச்சொல்லே வரும். தோற்றத்திலும் நடையிலும் காணும் பெருமிதம் 'ரீகல்'; அரச குலத்திற் பிறவாத ஒருத்தியின் நடையையும் இச்சொல்லால் புகழலாம். அரசனுக்குத் தகுந்த பண்பு 'கிங்லி'. தமிழில் 'அரச' என்ற ஒரே அடையைக் கொண்டு மூன்றையும் பெயர்த்தால், அஞ்சலும் நடையும் பண்பும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஒரே இலத்தீன் சொல் இரண்டு வாயில்களிலும் நுழைந்து இரட்டைப் பிள்ளைகளானதும் உண்டு. எளிதில் உடையத்தக்கது என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல், பிரெஞ்சு நாவில் தேய்ந்து 'ஃபிரெயில்' ஆகி ஆங்கிலத்தை அடைந்தது. பின்னர் அதே சொல்லை அறிஞர்கள் நூல்களிலிருந்து நேரே எடுத்து 'ஃபிராஜைல்' என வழங்கினர். முன்னது மக்கள் பேச்சில் பழகியது. ஆகவே முதுமையாலும் நோயாலும் தளர்ந்த மனிதரைக் குறிக்கும் சொல்லாயிற்று. பின்னது கண்ணாடிக் கலமும் பீங்கானும் போன்ற பொருள்களுக்கு உரியதாயிற்று. 'லீகல்', 'லாயல்' என்னும் இரண்டும் இவ்வாறே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சட்டம் சார்ந்தது ஒன்று. பற்றுறுதி உடையது மற்றொன்று. இன்று இவற்றை உடன்பிறந்தவை என்று சொன்னால் நம்புவோர் சிலரே.

இக், இக்கல்

இனி, மாணவரை மிகுதியும் மயக்கும் 'இக்', 'இக்கல்' என்னும் ஈறுகளை நோக்குவோம். 'இக்' என்னும் ஈறு கிரேக்கத்தில் தோன்றி இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. அதுவே பெயரடையை ஆக்கப் போதுமானது. எனினும், பிற்கால இலத்தீனில் அதன்மேல் 'அல்' என்னும் மற்றோர் ஈற்றையும் ஏற்றும் வழக்கம் பெருகிற்று. ஆங்கிலம் இரு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டது. பல நூற்றாண்டு எழுத்தாளர்கள் ஓசைக்கு ஏற்ப ஒன்றை எடுத்தும் ஒன்றை விடுத்தும் எழுதினர். ஷேக்ஸ்பியர் 'மெஜஸ்டிக்கல்' என்று எழுதியிருக்கிறார்; இன்று அவ்வாறு எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறையும்; 'மெஜஸ்டிக்' ஒன்றே நிலைத்தது.

ஒரு வேலைக்கு இருவர் நிற்கும்போது நிகழக்கூடியவை இரண்டு. ஒருவர் விலகிப் போவார்; அல்லது வேலையைப் பங்கிட்டுக்கொண்டு இருவரும் இருப்பர். 'மெஜஸ்டிக்கல்' விலகிப் போயிற்று. பங்கிட்டுக்கொண்ட இணைகளில் நாம் முதலிற் கருதத்தக்கது 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' என்பதே. 18ஆம் நூற்றாண்டு வரையிலும் இவ்விரண்டும் வரலாற்றைச் சார்ந்தது என்னும் ஒரே பொருளில் கலந்து வழங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில்தான் 'ஹிஸ்டாரிக்' என்பது வரலாற்றில் இடம் பெறத்தக்க சிறப்புடையது என்னும் தனிப்பொருளை ஏற்கத் தொடங்கிற்று. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது 'ஹிஸ்டாரிக்' நிகழ்ச்சி. அந்நாளைப் பற்றி இன்று ஒருவர் எழுதும் நாவல் 'ஹிஸ்டாரிக்கல்' நாவல். அந்நாவல் சிறந்ததாயினும் சிறப்பற்றதாயினும் 'ஹிஸ்டாரிக்கல்' தான்.

'இகனாமிக்', 'இகனாமிக்கல்' என்னும் இணையும் இவ்வகையினதே. வீட்டை ஆளும் முறை என்பது இவற்றின் கிரேக்க மூலப்பொருள். பொருளியல் ஒரு தனித்துறையாக வளர்ந்தபோது, நாட்டின் செல்வநிலை பற்றிய பொருளை 'இகனாமிக்' எடுத்துக்கொண்டது. வீட்டுச் செட்டுக் குணம் 'இகனாமிக்கல்' என்பதற்கு எஞ்சியது. இங்கே நம் மொழி நமக்குப் பெருந்துணை புரிகிறது. முன்னது 'பொருளாதார', பின்னது 'சிக்கனமான'. இவ்விரு தமிழ்ச் சொற்களையும் ஒருவரும் ஒன்றோடொன்று குழப்புவதில்லை. ஆகவே, ஆங்கிலச் சொற்களையும் குழப்ப வேண்டுவதில்லை.

'பாலிடிக்', 'பொலிடிக்கல்' என்னும் இணை வேறொரு செய்தியைக் காட்டும். தொடக்கத்தில் 'பாலிடிக்' என்பதும் அரசியல் சார்ந்தது என்றே பொருள்பட்டது. 'பொலிடிக்கல்' அப்பொருளைக் கைப்பற்றிக்கொண்டபின், 'பாலிடிக்' காலமும் இடமும் அறிந்து நடக்கும் சூழ்ச்சித் திறனைக் குறித்தது. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஓர் உடலாகக் கூறும் 'பாடி பாலிடிக்' என்னும் தொடரில் மட்டும் பழம்பொருள் அழியாமல் கிடக்கிறது. பழைய வீடு இடிந்தபின்னும் அதன் ஒரு தூண் புதிய வீட்டுக்குள் நின்றாற்போல, பழம்பொருள் சில தொடர்களுக்குள் நின்றுவிடுவது எல்லா மொழிக்கும் இயல்பு.

வேண்டிப் படைத்த சொல்

மேற்கூறிய பங்கீடுகள் எல்லாம் பெயர் தெரியாத பல்லாயிரவர் வாயிலும் எழுதுகோலிலும் மெல்ல மெல்ல நிகழ்ந்தவை. ஒருவரே வேண்டிப் படைத்த வேற்றுமையும் உண்டு. புலன்களைச் சார்ந்தது என்று கூறுவதற்கு ஆங்கிலத்தில் 'சென்சுவல்' என்னும் சொல் இருந்தது. ஆனால், அஃது உடலின்பத்தில் தோய்தல் என்னும் இழிந்த சாயலை ஏற்றுவிட்டது. கண்ணுக்கும் செவிக்கும் இனிதாக இருப்பதைக் குறையின்றிச் சொல்லும் சொல் கவிஞர் மில்டனுக்கு வேண்டியிருந்தது. 1641இல் அவர் 'சென்சுவஸ்' என்னும் சொல்லைப் படைத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சொல்லை எடுத்து ஆண்டவர் மிக அரியர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் கோல்ரிட்ஜ் அதனை மில்டனிடமிருந்து மீட்டு வழக்கில் விட்டார்.

கோல்ரிட்ஜ் இதனோடு அமையவில்லை. ஒருபொருட் சொற்களாகத் தொடங்கியவை மொழி வளர வளரப் பொருள் பிரிந்து நிற்கின்றன. மக்களின் அறிவு நுண்மையடைவதற்கு அஃது ஓர் அடையாளம் என்பது அவர் கொள்கை. அதனை 1817இல் வெளியான தம் உரைநடை நூலில் விளக்கி, அச்செயலைக் குறிக்க ஒரு புதிய வினைச்சொல்லையும் ஆக்கினார். மொழியின் செல்வம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை; அச்சொற்களை வேறுவேறு வேலைக்குப் பயன்படுத்தும் நுட்பத்திலேயே உள்ளது என்பது இதனால் விளங்கும்.

இடம் மாறிய சொற்கள்

பங்கிட்டுக்கொண்ட வேலை என்றும் மாறாமல் இருக்கும் என்று எண்ணுதல் பிழை. 'டிஸ்இன்டரஸ்டட்', 'அன்இன்டரஸ்டட்' என்னும் சொற்களின் கதை இதற்குச் சான்று. தன்னலம் கலவாத நடுவுநிலை முன்னதன் பொருள். அக்கறை இன்மை பின்னதன் பொருள் என்று நாம் கற்பிக்கிறோம். ஒரு வழக்கை விசாரிக்கும் நீதிபதி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருத்தல் கூடாது என்று எடுத்துக்காட்டும் தருகிறோம். அது நல்ல எடுத்துக்காட்டே. ஆனால், 17ஆம் நூற்றாண்டின் எழுத்துகளை நோக்கினால் நிலைமை நேர்மாறாகக் காணப்படும். அக்கறை இன்மையைக் குறிக்க 'டிஸ்இன்டரஸ்டட்' என்பதும், நடுவுநிலையைக் குறிக்க 'அன்இன்டரஸ்டட்' என்பதும் அக்காலத்தில் வழங்கியுள்ளன. பின்னரே இவ்விரு சொற்களும் இடம் மாறி இன்றைய நிலையை அடைந்தன. இக்காலத்தில் 'டிஸ்இன்டரஸ்டட்' என்பதை அக்கறை இன்மைக்கு வழங்குவோர் மீண்டும் பலராக, ஆங்கிலப் புலவர்கள் அதனைப் புதிய சீர்கேடு என்று கடிந்து எழுதுகின்றனர். அப்பொருள் அச்சொல்லின் பழம்பொருளே என்பதை அவர்களுட் சிலர் மறந்துவிடுகின்றனர்.

ஆயினும், இன்றைய நல்ல எழுத்தில் இவ்வேற்றுமை பயன் தருவது. நடுவுநிலை என்னும் உயர்ந்த குணத்திற்கு ஒரு தனிச்சொல் இருப்பது மொழிக்கு ஆக்கம். ஆகவே, மாணவர்க்கு இதனைக் கற்பித்தல் தகும். அதற்குரிய காரணத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். 'ஆதிமுதல் இப்படியே' என்பது காரணமாகாது. 'இன்று நன்றாக எழுதுவோர் இவ்வாறு வழங்குகின்றனர்' என்பதே காரணம்.

வேற்றுமை வகுத்த நூல்கள்

ஒருபொருட் சொற்களின் வேற்றுமையை ஆராயும் நூல்கள் முதலில் சிறந்து விளங்கியது பிரான்சு நாட்டில். ஜிரார் என்னும் பாதிரியார் 1718இல் இப்பொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதனைத் தழுவி, ஜான் டிரஸ்லர் என்பவர் 1766இல் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு நூல் செய்தார். இதற்கிடையில் 1755இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வெளிவந்தது. சொற்கள் முழுவதும் ஒரே பொருளுடையனவாக அமைவது அரிது என்று ஜான்சன் அதன் முன்னுரையிலேயே கூறிவிட்டார். முன்னிருந்த சொல் போதாது என்று தோன்றியதனாலேயே புதிய சொல் புகுத்தப்பட்டது என்பது அவர் கருத்து.

ஜான்சனின் நெடுநாள் நண்பரான ஹெஸ்டர் பியோட்சி அம்மையார் 1794இல் இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் எழுதினார். இத்தாலிய இசைவாணர் ஒருவரை மணந்தவர் அவர். ஆங்கிலத்தைப் பிறமொழியாளர் பேச முற்படும்போது எச்சொற்களில் தடுமாறுகின்றனர் என்பதை வீட்டிலேயே கண்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. விதிகளை அடுக்காமல், உரையாடலில் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்கினார். பிறமொழி மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் நமக்கு, இவ்வம்மையாரின் முறை ஏனையோர் முறையினும் நெருங்கியது எனலாம்.

1816இல் ஜார்ஜ் கிராப் வெளியிட்ட நூல் நூறாண்டுக்கு மேலாக மறுபதிப்புப் பெற்றது. அவர் சொல்லின் பிறப்பை ஆராய்ந்து, மூலமொழிப் பொருளிலிருந்து இன்றைய வேற்றுமையை வருவிக்க முயன்றார். சொற்பிறப்பு அறிவுக்கு விருந்து. ஆனால், வழக்கிற்கு அது முற்றும் வழிகாட்டி ஆகாது. 'லார்ஜ்' என்பது பிரெஞ்சில் வள்ளன்மையையும் நிறைவையும் குறித்த சொல். 'பிக்' என்பது தொடக்கத்தில் வலிமையைக் குறித்தது. இம்மூலப் பொருள்களைக் கொண்டு, 'பெரிய தொகை' என்பதற்கு இன்று 'லார்ஜ்' வருவதையும், 'பெரிய தவறு' என்பதற்கு 'பிக்' வருவதையும் யாரால் விளக்க முடியும்? நூழிலை நூழிலாட்டு என்று நாமும் பழஞ்சொற்களுக்கு உரை காண்கிறோம்; அதனால் இன்றைய பேச்சை அளப்பதில்லை.

1852இல் மருத்துவர் ரோஜெட் தம் 73ஆம் வயதில் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். அதனை நம் நிகண்டுகளோடு ஒப்பிடலாம். திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருள் குறித்த சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தருவதுபோல, ரோஜெட்டும் திரட்டித் தந்தார். அவற்றிடையே உள்ள வேற்றுமையைக் கூறவில்லை. மொழி அறிந்தவர்க்கு நினைவூட்டுவதே அந்நூலின் பயன். வேற்றுமை அறியாத மாணவன் அதிலிருந்து ஓர் அழகிய சொல்லைப் பொறுக்கித் தன் கட்டுரையில் வைத்தால், அது வேட்டியின்மேல் கட்டிய கழுத்துப்பட்டைபோல் நிற்கும்.

சான்று கூறும் அகராதி

இதுகாறும் வந்த நூலாசிரியர்கள் தத்தம் செவியையும் படிப்பையும் துணைக்கொண்டு தீர்ப்புக் கூறினர். சான்றுகளைத் திரட்டிப் பின்னர்ப் பொருள் கூறும் முறையை நிலைநாட்டியது ஆக்ஸ்போர்டு பேரகராதியே. அதன் முதற் பகுதி 1884இல் வெளிவந்தது, 1928இல் நிறைவெய்திற்று. தொண்டர் பலர் நூல்களைப் படித்துச் சொல் வழங்கிய இடங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். 18 இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்கள் அதில் அச்சேறின. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணி செய்தவர். நூல் முற்றுப்பெறுவதைக் காணாமலே 1915இல் மறைந்தார். 'ஹிஸ்டாரிக்' எந்நூற்றாண்டில் எப்பொருளில் வந்தது என்று இன்று நாம் அறிந்து சொல்வது இத்தகையோர் உழைப்பினாலேயே ஆகும்.

1926இல் தம் மொழிவழக்கு நூலை வெளியிட்ட ஃபவுலரும் முன்னாளில் பள்ளி ஆசிரியரே. இரு வடிவங்கள் இருக்கும்போது அவற்றுக்கு இரு வேலை தருவது மொழிக்கு நன்மை என்பதை வற்புறுத்தியவர் அவர். வேற்றுமை முற்றும் நிலைபெற்ற இணைகளும், பாதி நிலைபெற்றவையும், இன்னும் நிலைபெறாதவையும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டியது ஆசிரியர்க்கு மிகவும் பயன்படத்தக்கது.

பிறமொழி மாணவர்க்கென்றே அமைந்த அகராதியின் வரலாறு நம் நாட்டு நினைவோடு ஒருவகையில் தொடர்புடையது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில் தோக்கியோ நகரில் ஓர் ஆங்கில அகராதி அச்சாகி வெளிவந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவர்தம் நண்பர் இருவரும் தொகுத்தது அது. போருக்குப்பின், 1948இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதனை வெளியிட, உலகெங்கும் உள்ள மாணவர் கைக்கு அது வந்து சேர்ந்தது. எச்சொல் எத்தொடரில் எவ்வாறு அமையும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் காட்டுவது அதன் தனிச்சிறப்பு.

இலண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிர்த் இக்கருத்துக்குக் கொள்கை வடிவம் கொடுத்தார். இந்தியாவில் பணி புரிந்தவர் அவர். தமிழ் ஒலிப்பு முறையைப் பற்றி 1934இல் ஒரு சிறு நூலும் எழுதியுள்ளார். ஒரு சொல்லின் பொருளை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டே அறியலாம் என்று அவர் 1957இல் எழுதினார். அவர் வழிவந்த ஹாலிடே இதற்குத் தேநீரை எடுத்துக்காட்டினார். கடுந்தேநீர் 'ஸ்ட்ராங்', ஆற்றல்மிக்க கார் 'பவர்ஃபுல்'. இரு சொல்லும் வலிமையையே குறித்தாலும், தேநீருக்குப் 'பவர்ஃபுல்' என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. இதற்கு எந்த விதியும் இல்லை, கூட்டுறவே காரணம். 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சின்கிளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, பல இலட்சம் சொற்களடங்கிய எழுத்தையும் பேச்சையும் கணினியில் சேர்த்து, இக்கூட்டுறவுகளை ஆராய்ந்து வெளிவந்தது.

வகுப்பறைக்கு

இவ்வரலாற்றால் ஆசிரியராகிய நாம் கொள்ளத்தக்கவை யாவை?

முதலாவது, ஒரு பெயரடையைத் தனியே கற்பித்தலாகாது. அது தழுவும் பெயரோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். கரும்பலகையின் இடப்பக்கம் 'ஹிஸ்டாரிக்', வலப்பக்கம் 'ஹிஸ்டாரிக்கல்' என எழுதி, ஒவ்வொன்றின்கீழும் நான்கு பெயர்களை எழுதினால், மாணவன் அகராதியினும் அதிகமாகக் கற்றுக்கொள்வான்.

இரண்டாவது, இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தருவதை நாம் கைவிடுதல் வேண்டும். நம் மொழியில் வேறு சொல் இல்லை என்பது பெரும்பாலும் பொருந்தாது. வரலாற்றுச் சிறப்புமிக்க நாள், வரலாற்று நாவல். பொருளாதாரக் கொள்கை, சிக்கனமான அடுப்பு. நலிந்த முதியவர், எளிதில் உடையும் கிண்ணம் என்று தமிழ் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். அடை ஒரு சொல்லாக இல்லாமல் இரண்டு மூன்று சொற்களாக அமைந்தால் குறையொன்றும் இல்லை. இவ்வாறு தேடும்போது மாணவன் ஆங்கிலத்தோடு தமிழையும் கூர்மையாகக் கற்கிறான்.

மூன்றாவது, வேற்றுமைகளின் உறுதியை நாம் எடைபோட்டு அறிதல் வேண்டும். 'இகனாமிக்', 'இகனாமிக்கல்' என்பவற்றை மாற்றி எழுதினால் பொருளே மாறும். அதனைத் திருத்துவது கடமை. 'கன்டினியுவல்', 'கன்டினியுவஸ்' என்பன அத்தகையன அல்ல. விட்டுவிட்டு மாதம் முழுவதும் வரும் மழை முன்னது; காலை முதல் மாலை வரை ஓயாது கொட்டும் மழை பின்னது என்று நூல்கள் கூறும். கற்பிக்கத்தக்க நல்ல வேற்றுமைதான் இது. ஆனால், 14ஆம் நூற்றாண்டில் வந்த 'கன்டினியுவல்', மூன்று நூற்றாண்டு பின்வந்த 'கன்டினியுவஸ்' என்பதன் பொருளையும் சேர்த்தே சுமந்தது. இன்றும் நல்ல எழுத்தாளர் பலர் அதனை அவ்வாறு ஆளுகின்றனர். கணிதத்தில் மட்டும் 'கன்டினியுவஸ்' என்பதற்கு மாற்றில்லை. 'எலக்ட்ரிக்', 'எலக்ட்ரிக்கல்' என்னும் இணையிலோ, ஒரு பெயருக்குப் பெரும்பாலும் எது வரும் என்று கூறலாமேயன்றி, முழுமையான விதி கூற இயலாது. இத்தகைய இடங்களில் நல்ல வழக்கைச் சொல்லிக்கொடுப்போம். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டா.

இது சிறிய செய்தியன்று. ஆங்கிலேயர்களே இருவகையாகவும் எழுதும் இடத்தில், நம் பிள்ளையின் விடையின்மேல் சிவப்புக் கோடு விழுமானால், அவன் கற்றுக்கொள்வது சொல்லின் வேற்றுமையை அன்று. 'இம்மொழி எனக்கு வராது' என்பதையே. மற்றொரு புறம், பொருள் திரியும் இடத்தில் நாம் கண்டும் காணாமல் விட்டால், நாளை அவன் எழுதும் விண்ணப்பத்தைப் படிப்பவர் அவன் நினைத்ததற்கு வேறான பொருளைக் கொள்வார். எங்கே கண்டிப்பு, எங்கே இளக்கம் என்பதை ஆசிரியர் அறிந்திருப்பதற்கு இச்சொல் வரலாறு துணை செய்யும்.

ஈ, தா, கொடு என்னும் மூன்றுக்கும் வேற்றுமை கண்ட மரபில் வந்தவர் நாம். அக்கண்ணைக் கொண்டே ஆங்கிலச் சொல்லையும் நோக்குவோமாக. மாணவன் 'ஏன்?' என்று கேட்கும்போது, 'அங்கே அப்படித்தான் வரும்' என்பதற்கு மாறாக, 'இச்சொல் இவ்வழியாக வந்தது, இப்பெயரோடு சேர்ந்தது, ஆதலால் இப்பொருள் பெற்றது' என்று சொல்லக் கூடுமாயின், அவன் அடுத்த சொல்லைத் தானே ஆராயப் புகுவான். ஆசிரியர் பணியின் பயன் அதுவே.